ரோமானியக் கண்ணாடி நகைகளைப் படிக்க ஆசைப்படும் மகளுக்கு எந்தப் பட்டம்?

பிளஸ் டூ அறிவியல் குரூப்பில் படிக்கும் மகள், 'பண்டைய ரோமானியர்களின் கண்ணாடி நகைகளைத்தான் ஆராயப்போகிறேன், அதற்காக பி.ஏ. வரலாறு சேர்கிறேன்' என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பி விட்டால் நாளைக்குச் சோற்றுக்கு என்ன வழி என்பது உங்கள் கவலை.

அந்தப் பெயரில் நம் கல்லூரிகளில் பட்டப்படிப்பு கிடையாது, அந்தப் பெயரில் வேலையும் கிடையாது. ஆனால் அப்படிப்பட்ட பொருள்களைச் சுத்தம் செய்து, ஒட்டி, ஆராய்ந்து, கெடாமல் வைக்கும் தொழில் இருக்கிறது. அருங்காட்சியகத்திலும் அகழாய்வுக் களத்திலும் தேவைப்படும் அந்தத் தொழிலுக்குத் தொல்பொருள் பாதுகாப்பு என்று பெயர். அதற்குள் நுழைய அவளிடம் ஏற்கெனவே இருக்கும் வேதியியல்தான் சாவி. ஆகவே மகளிடம் ஆசையை விடச் சொல்லாதீர்கள், வேதியியலை விடாதே என்று மட்டும் சொல்லுங்கள்.

ஏன் வேதியியல் என்று அவள் கேட்பாள். இணையத்தில் 'ரோமன் கிளாஸ்' என்று விற்கும் நீலப்பச்சைப் பதக்கங்களை அவள் பார்த்திருக்கக்கூடும். அவற்றில் பெரும்பாலானவை உடைந்த பழைய குப்பி, கிண்ணத் துண்டுகளை இக்காலத்து வெள்ளியில் பதித்தவை. ரோமானியப் பெண்கள் அணிந்த நகைகள் அவையல்ல. அவர்கள் அணிந்தவை மணிகள், மோதிரத்தில் பதிக்க அச்சில் வார்த்த கண்ணாடிக் கற்கள், 3ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு பரவலான கறுப்பு வளையல்கள் போன்றவை. அந்தப் பதக்கத்தில் வானவில்போல் மின்னுகிறதே, அதுவும் ரோமானியர் கொடுத்த நிறமில்லை. மண்ணின் ஈரம் கண்ணாடியிலிருந்து சோடாவை (சோடியம் ஆக்சைடை) கரைத்தெடுத்த பிறகு, மேற்பரப்பில் மெல்லிய சிலிக்கா அடுக்குகள் மிஞ்சுகின்றன. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வரும் மினுக்கம் அது. அவள் மயங்கி நிற்பது ஒரு சிதைவைப் பார்த்து. அந்தச் சிதைவு எப்படி நடக்கிறது என்று தெரிந்தவளுக்குத்தான் அப்பொருளைத் தொட அனுமதி கிடைக்கும்.

அந்தக் காலத்துக் கண்ணாடியில் பெரும்பகுதி சிலிக்கா, ஏறத்தாழ 15 முதல் 18 சதவீதம் சோடா, 7 முதல் 8 சதவீதம் சுண்ணாம்பு. மணல் பெரும்பாலும் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையிலும் எகிப்திலும் கிடைத்தது. சோடாவுக்கு எகிப்தின் வாடி நட்ரூன் ஏரிப் பகுதியின் நேட்ரான் உப்பு. கோபால்ட் சேர்த்தால் ஆழ்ந்த நீலம், ஈய ஆன்டிமனேட் சேர்த்தால் மஞ்சள். இரும்பை மிகுதியாகச் சேர்த்தால் பச்சை அடர்ந்துபோய்க் கறுப்பாகவே தெரியும். இதெல்லாம் அவளுடைய பிளஸ் டூ பாடத்துக்கு அடுத்த வீடுதான்.

வேலை எப்படியிருக்கும் என்பதற்குத் தங்கத் தகடு வைத்த ஒரு மணியை எடுத்துக்கொள்வோம். நிறமற்ற இரண்டு கண்ணாடி அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய பொன் தகடு. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், மேலடுக்கு செதில் செதிலாகப் பெயர்ந்து சில இடங்களில் தங்கம் வெளியே தெரியும். புதிதாக வருபவர் அந்தச் செதிலை அழுக்கு என்று நினைத்துத் தேய்ப்பார், தங்கம் தூரிகையோடு வந்துவிடும். ஈர மண்ணிலிருந்து எடுத்த மணியை வெயிலில் வைத்தால் அடுக்குகளுக்குள் இருந்த நீர் வெளியேறி, கண்ணாடி மங்கி வெளுத்துப்போகும். அதனால் ஈரத்தோடு பெட்டியில் வைத்து மெதுவாகத்தான் உலர்த்த வேண்டும்.

செதிலை நிறுத்த, அசிட்டோனில் 5 முதல் 10 சதவீதம் கரைத்த பாராலாய்ட் பி-72 என்ற பிசின் போதும். ஒரே மூச்சில் கெட்டியாகப் பூசினால் பிளாஸ்டிக் பளபளப்பு வரும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் பூசினால், அசிட்டோன் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, நீர்த்துளி படிந்து வெள்ளை பூக்கும். சென்னையில் இது அடிக்கடி நடக்கக்கூடியது. இந்தப் பிசின் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்குவதால், குளிர்சாதனமில்லாத கிடங்கில் ஒட்டிய இடம் நழுவவும் வாய்ப்புண்டு. எப்பாக்சி பசை உறுதியாகப் பிடிக்கும், ஆனால் பிறகு பிரிப்பது கடினம். எந்தப் பொருளுக்கு எது, ஏன் என்று முடிவெடுப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்.

ஆய்வுக் கருவியிலும் கவனம் வேண்டும். பொருளில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும், கையில் பிடிக்கும் எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியைச் சிதைந்த மேற்பரப்பில் வைத்தால் உள்ளே இருக்கும் கண்ணாடியின் சரியான சேர்மானம் வராது. சோடியம் இலேசான தனிமம் என்பதால் அந்தக் கருவி அதைப் பிடிப்பதே இல்லை. கருவி எண் காட்டுகிறது என்பதற்காக நம்பிவிடக் கூடாது என்பதை வேதியியல் படித்தவள் கேட்காமலே உணர்வாள்.

படிப்புக்கு வருவோம். முதலில் பி.எஸ்சி. வேதியியல். இயற்பியலோ நிலவியலோ எடுத்தாலும் கதவு மூடாது. இந்த மூன்று ஆண்டுகளில் வரலாற்றை நூலகத்தில் படிக்கட்டும், லத்தீனும் ஜெர்மனும் மெல்லத் தொடங்கட்டும். அடுத்து நொய்டாவிலுள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனத்தில் எம்.ஏ. பாதுகாப்பியல். முன்பு இது டெல்லியில் தேசிய அருங்காட்சியக நிறுவனமாக இருந்தது. தகுதி விவரங்களை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாடு என்றால் கார்டிஃப் பல்கலைக்கழகம், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் தொல்லியல் நிறுவனம், டர்ஹாம் ஆகியவற்றில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்புகள் உள்ளன. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டுப் படிப்புக்குரியது, பணி அனுபவமும் கேட்கும். இளநிலை முடித்த கையோடு அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

வரலாறு மட்டும் படித்துச் சேர்ந்தால் என்ன ஆகும்? நகையின் காலம், பாணி, வணிகம் பற்றி எழுதலாம். அதுவும் நல்ல படிப்புதான். ஆனால் அந்தப் பக்கம் பேராசிரியர் பணிகளும் முனைவர் பட்டமும்தான் வழி, காத்திருப்பு நீளம். வேதியியலோடு போனால் இந்தியத் தொல்லியல் துறையின் அறிவியல் பிரிவு, லக்னோவிலுள்ள பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புக்கான தேசிய ஆய்வகம், சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் வாய்ப்பு எழும்போது விண்ணப்பிக்கலாம். பணியிடங்கள் குறைவு, அறிவிப்பும் எப்போதாவதுதான் வரும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அது கிடைக்காவிட்டாலும் வேதியியல் பட்டம் அவளைத் தெருவில் விடாது. உங்கள் கவலைக்குப் பதில் அதுதான்.

இப்போதே கைப்பழக்கம் தொடங்கலாம். சுடரில் கண்ணாடி மணி செய்யும் பயிற்சி கிடைத்தால் அனுப்புங்கள். களிமண் பூசிய எஃகுக் கம்பியில் உருகிய கண்ணாடியைச் சுற்ற வேண்டும். கண்ணைக் கூசவைக்கும் சோடிய ஒளியைத் தடுக்க டிடிமியம் மூக்குக்கண்ணாடி அவசியம். முடித்ததும் ஏறத்தாழ 510 டிகிரி உலையில் வைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் இரண்டு நாள் கழித்துக்கூட விரிசல் விடும். சுற்றிச் செய்த மணியில் கோடுகளும் குமிழிகளும் துளையைச் சுற்றி ஓடும், நீட்டி இழுத்து வெட்டிய மணியில் துளைக்கு இணையாக ஓடும். ஒரு மணி எப்படிப் பிறந்தது என்று சொல்ல இந்த ஒரு வேறுபாடே பெரும்பாலும் போதும்.

நம் ஊருக்கும் இதற்கும் உண்மையான தொடர்பு உண்டு. முசிறியில் இறங்கிய சரக்குகளில் கச்சாக் கண்ணாடியையும் பெரிப்ளஸ் என்ற பழைய கிரேக்கக் கடல் வணிகக் கையேடு குறிப்பிடுகிறது. புதுச்சேரியருகே அரிக்கமேட்டில் இழுத்துச் செய்த மணிகள் ஏராளம். அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) ரோமானியக் கண்ணாடியில் 2 முதல் 3 சதவீதமே, நம் கண்ணாடி மணிகள் பலவற்றில் 5 சதவீதத்துக்கு மேல். எது அங்கிருந்து வந்தது, எது இங்கே செய்தது என்று பிரித்தறிய இந்த வேறுபாடு உதவும். ஆகவே எதிர்காலத்தில் ஆய்வுத் தலைப்பு தேடி அவள் அலைய வேண்டியிருக்காது.

ஒரே ஒரு எச்சரிக்கை. படிப்புக்காக என்று சொல்லி 'அசல் ரோமானிய மணி' எதையும் இணையத்தில் வாங்கித்தர வேண்டாம். தோண்டித் திருடியதாக இருக்கலாம், செயற்கையாக மினுக்கம் ஏற்றியதாகவும் இருக்கலாம். இந்தத் துறையில் நேர்மைதான் முதல் தகுதி. பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகமும் தங்கள் சேகரிப்பின் படங்களை இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கின்றன. வாரம் ஒரு மணியை எடுத்து, துளை, குமிழி, நிறம், சிதைவு நான்கையும் அவளே நோட்டில் எழுதட்டும். கல்லூரி விண்ணப்பத்தில் முதல் விருப்பமாக பி.எஸ்சி. வேதியியலையும், இரண்டாவதாக பி.ஏ. வரலாற்றையும் நிரப்புங்கள்.