ஏழு பேர் ஏறினால் பெட்டி எங்கே?

அப்பா, அம்மாவையும் சேர்த்து ஆறு பேர். மாருதி எர்டிகாவா, ஹூண்டாய் அல்கசாரா, எந்தக் கார் வாங்கலாம்? (ஈரோடு)
பெரியவர்களுக்கு முழங்கால் வலி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், எர்டிகா. சீட் தாழ்வாக இருப்பதால் அப்படியே உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம்.

ஏழு சீட் கிராஸ்ஓவரில் (எஸ்யூவி தோற்றமுள்ள கார்) குடும்பத்தோடு திருப்பதி போய்வரலாமா? (வேலூர்)
ஏழு பேர் போகலாம், பெட்டிகள் வராது. விளம்பரத்தில் ‘7 சீட்டர்’ என்று போடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது அல்கசாரின் டிக்கி 180 லிட்டர், எர்டிகா, கியா கேரன்ஸ் இரண்டும் 200-க்குச் சற்று மேல், டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் 300. விமானத்துக்குள் எடுத்துப்போகும் சின்ன டிராலி ஒன்றே 40 லிட்டர் பிடிக்கும். மிச்சத்தைச் சீட் முதுகுக்கு மேல் அடுக்கினால், திடீர் பிரேக்கில் கடைசி வரிசைக் குழந்தையின் தலையில் விழும். கூரைமேல் கேரியரில் ஏற்றினாலும் பல வண்டிகளில் 50 முதல் 75 கிலோதான் வரம்பு. அதற்குமேல் போனால் வளைவில் வண்டி ஆடும்.

மூன்றாம் வரிசையில் உட்காரும் இடமும் அப்படித்தான். கிராஸ்ஓவரின் கூரை பின்னால் சரிகிறது, தரையோ பின் அச்சுக்கு மேல் எழும்புகிறது. முழங்கால் நெஞ்சை நோக்கி வரும், தொடைக்குத் தாங்கல் இருக்காது. பள்ளிப் பிள்ளைகள் அரை மணி நேரம் தாங்குவார்கள். பெரியவர்களை நான்கு மணி நேரம் அங்கே உட்கார வைப்பது கொடுமை. இரண்டாம் வரிசையில் ஐசோஃபிக்ஸ் (கார் சீட்டிலுள்ள கொக்கியில் மாட்டும்) குழந்தை சீட் பூட்டியிருந்தால் அந்தப் பக்கத்துச் சீட்டை மடக்கிப் பின்னால் போகவும் முடியாது. நடுவில் வழி விட்ட கேப்டன் சீட் என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பார்க்காமல் அட்வான்ஸ் கட்டாதீர்கள். வீட்டில் உயரமானவர் இரண்டாம் வரிசையில் வசதியாக உட்காரட்டும். அந்தச் சீட்டை நகர்த்தாமல் அவருக்குப் பின்னால் நீங்கள் உட்காருங்கள். உங்கள் சொந்தப் பெட்டியை ஷோரூமுக்கே கொண்டுபோய் டிக்கிக் கதவைச் சாத்திப் பாருங்கள்.

எது நல்ல வண்டி? உடனே பதில் தேவை. (ஊர் எழுதவில்லை)
எத்தனை பேர், மாதம் எத்தனை கிலோமீட்டர், பட்ஜெட் என்ன? மூன்றும் இல்லாத கடிதத்துக்குப் பதில் கிடையாது.

எர்டிகா சிஎன்ஜி எடுக்கலாமா? (மதுரை)
தினசரி ஓட்டத்துக்கு எடுக்கலாம். 60 லிட்டர் சிலிண்டர் டிக்கியில்தான் இருக்கிறது; ஏழு பேரோடு வெளியூர்ப் பயணம் என்றால் பைகள் மடியில்தான். மூன்றாண்டுக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனையையும் மறக்காதீர்கள்.

எம்பிவி (எர்டிகா போன்ற பல பேர் ஏறும் குடும்ப வண்டி) வேகத்தடையில் தட்டுமா? (திருச்சி)
ஏழு பேர் ஏறினால் எந்த வண்டிக்கும் பின்பக்கம் தாழும். ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழு பாரத்துக்கான காற்றழுத்தம் தனியாக இருக்கும். அதைப் படிக்காமல் வண்டியைக் குறை சொல்லாதீர்கள்.

ரெனோ ட்ரைபரில் ஏழு பேர் கொல்லிமலை ஏறலாமா? (நாமக்கல்)
ஒரு லிட்டர் எஞ்சின், 72 குதிரைத்திறன், 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும், ஆனால் பெரும்பாலும் முதல் இரண்டு கியரில். இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஐந்து பேருக்கு அருமையான வண்டி. கடைசி வரிசையைக் கழற்றினால் டிக்கி 600 லிட்டரைத் தாண்டும். ஏழு பேருக்கு என்றால், மறுபடியும் சொல்கிறேன், முதலில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.