வீட்டுக் கணினியில் ஓடும் ‘எஸ்விசிஹோஸ்ட்’ வைரஸா?

கேள்வி: வீட்டில் நால்வர் பயன்படுத்தும் விண்டோஸ் கணினியில் ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்று பல நிரல்கள் ஓடுகின்றன. அழித்துவிடலாமா?

பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். எஸ்விசிஹோஸ்ட் (svchost.exe) விண்டோஸின் பின்னணிச் சேவைகளை இயக்கும் நிரல்; அந்தப் பெயரில் ஒரே நேரத்தில் பல நிரல்கள் ஓடுவது விண்டோஸில் இயல்பு. தீய நிரல்கள் அதே பெயரைச் சூட்டிக்கொள்வதும் உண்டு. பார்க்க வேண்டியது இருப்பிடத்தை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் நிரலின்மேல் வலது சொடுக்கி, கோப்பு இருக்கும் இடத்தைத் திறங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32-இல் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஆப்டேட்டா, டெம்ப் போன்ற இடங்களில் இருந்தால் நன்றாகவே சந்தேகப்படலாம்.

அப்போதும் அந்தக் கோப்பை மட்டும் அழிப்பது வீண். அதை மீண்டும் உருவாக்கும் பகுதி வேறெங்காவது ஒளிந்திருக்கலாம். விண்டோஸுடனேயே வரும் வைரஸ் தடுப்பு நிரலான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை இயக்குங்கள். விண்டோஸ் எழுவதற்கு முன்பே அது சோதிக்கிறது. சுமார் 15 நிமிடம் ஆகும். வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள்.

யார் நிறுவியது என்று வீட்டில் விசாரணை நடத்தாதீர்கள். பயந்த பிள்ளை எதை அழுத்தினான் என்று சொல்லவே மாட்டான்; உங்களுக்கோ அந்தத் தகவல்தான் தேவை. இனி ஒவ்வொருவருக்கும் நிர்வாகி உரிமையற்ற தனிக் கணக்கு கொடுங்கள். நிர்வாகிக் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.