கஞ்சியா, சோறா?

கேள்வி: அமெரிக்காவில் 'மேரிலாந்து பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுண்டி' என்ற நிறுவனத்தை முப்பது ஆண்டுகள் நடத்திய ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கி 2022-இல் விடைபெற்றபோது அவ்வளவு கொண்டாடினார்களே, ஏன்? அறிவியல் கல்வி என்பது நல்ல மாணவர்களை வடிகட்டி எடுப்பது. அதைப் பேராசிரியர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். தலைவருக்கு அதில் என்ன பெரிய பங்கு?
— கல்லூரி ஆசிரியர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: 'வடிகட்டி' என்று எழுதிவிட்டீர்கள். அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டு மேலே போக என்னால் முடியாது. முதலில் அடுப்படிக்கு வாருங்கள்.

காபி ஃபில்டரில் கீழே இறங்குவது டிகாக்‌ஷன். அதை வைத்துக்கொண்டு மேலே தங்கும் சக்கையைக் கொட்டுகிறோம். சோறு வடிக்கும்போது இறங்குவது கஞ்சி. அதைக் கொட்டிவிட்டுப் பானையில் தங்குவதைச் சாப்பிடுகிறோம். உடைத்த கோதுமையைச் சலித்தால் மாவு விழுகிறது, ரவை நிற்கிறது. பூரிக்கு மாவு வேண்டும், உப்புமாவுக்கு ரவை வேண்டும். சல்லடை ஒன்றுதான். அதற்குத் தெரிந்தது தன் துளையின் அளவு மட்டுமே. எது வேண்டும் என்பதைச் சமைப்பவர் முடிவு செய்கிறார். எங்கள் வீட்டில் வடித்த கஞ்சியைக்கூட யாரும் வீணாக்கியதில்லை. அம்மா உப்புப் போட்டு எங்களுக்கு ஒரு டம்ளர் கொடுப்பார், பருத்திச் சேலைக்குக் கொஞ்சம் எடுத்து வைப்பார், மீதி மாட்டுத் தொட்டிக்குப் போகும். உங்கள் வகுப்பில் தேர்வுக்குப் பிறகு காணாமல் போகிற மாணவர்கள் சோறா, கஞ்சியா, சக்கையா, ரவையா? அது தெரியாமல் துளையை மட்டும் நம்பியிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே பக்கத்தில் ஓர் இயற்பியல் பேராசிரியருடன் மூன்று இதழ்கள் மல்லுக்கட்டினேன். பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். பாதிப் பேர் தோற்றால்தான் பாடத்துக்கு மதிப்பு என்பது அவர் கட்சி. அன்று கோபத்தில் எழுதினேனே தவிர, ஆதாரத்தோடு எழுதவில்லை. அந்தக் கடனை இன்று தீர்க்கிறேன்.

1970-களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணிதக்காரர், நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர்கள் ஏன் அதிகம் தோற்கிறார்கள் என்று தேடினார். சக ஆசிரியர்களைக் கேட்டார். ஊக்கம் இல்லை, அடித்தளம் இல்லை, குடும்ப ஆதரவு இல்லை, பணம் இல்லை என்றார்கள். எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொன்ன காரணங்கள். ட்ரைஸ்மன் மாணவர்களின் அறைக்கே போய்ப் பார்த்தார். நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்கள் மாலையில் கூடி உட்கார்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் திருத்திக்கொண்டிருந்தார்கள். கறுப்பின மாணவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தனியே, வெகுநேரம், நேர்மையாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். தாங்கள் எங்கே தவறுகிறோம் என்று சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை. சேர்ந்து உழைக்கும் பட்டறைகளை அவர் தொடங்கியதும் மதிப்பெண்கள் மாறின. அதுவரை அந்த வகுப்பு வடிகட்டியது அறிவை அல்ல, தனிமையை. பேராசிரியர் ஐயா இதைப் படிக்கிறார் என்று நம்புகிறேன்.

இப்போது ஹ்ரபோவ்ஸ்கி. 1950-இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். கணக்குப் பைத்தியம். மாதா கோவிலின் பின்வரிசையில் உட்கார்ந்து வீட்டுக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சிறுவனின் காதில், முன்னால் பேசிக்கொண்டிருந்தவரின் குரல் விழுந்தது. கறுப்பினப் பிள்ளைகள் இன ஒதுக்கலை எதிர்த்து ஊர்வலத்தில் நடந்தால் நல்ல பள்ளிகளுக்கு வழி பிறக்கும் என்றார் அவர். பேசியவர் மார்ட்டின் லூதர் கிங். 1963 மே மாதம் அந்தச் சிறுவன் நடந்தான். வயது 12. நகரக் காவல்துறையைக் கையில் வைத்திருந்த புல் கானர் தன் முகத்தில் உமிழ்ந்ததை ஹ்ரபோவ்ஸ்கியே பலமுறை சொல்லியிருக்கிறார். ஐந்து நாள் சிறை. நல்ல கணக்குப் புத்தகத்துக்காகச் சிறைக்குப் போன பையன், 19 வயதில் கணிதப் பட்டமும் 24 வயதில் முனைவர் பட்டமும் பெற்றார்.

தலைவராவதற்கு முன்பே, 1987-இல், அவர் போய்ச் சேர்ந்த அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அப்போது வயது 21. தொடங்கிய நாளிலிருந்தே எல்லா இனத்தவருக்கும் இடம் கொடுத்த நிறுவனம் அது. இருந்தும் அறிவியல் வகுப்புகளில் கறுப்பின மாணவர்கள் தேங்கினார்கள். பால்டிமோரின் கொடையாளர்களான ராபர்ட், ஜேன் மேயர்ஹாஃப் தம்பதியரின் பணத்தோடு 1988-இல் ஒரு திட்டம் பிறந்தது. முதல் அணியில் 19 கறுப்பின இளைஞர்கள். அடுத்த ஆண்டே பெண்களும் வந்தார்கள், 1996-இல் எல்லா இனத்தவரும்.

திட்டத்தின் உள்ளே போய்ப் பாருங்கள், உங்களுக்குத்தான் அதிகம் பயன்படும். முதலாண்டு தொடங்குமுன் கோடையில் எல்லோரையும் ஒன்றாகத் தங்கவைத்துப் பழக்குகிறார்கள். தனியே படிப்பது பெருமை இல்லை என்று அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். உதவி கேட்பது தோற்பவன் வேலை அல்ல, முதல் மதிப்பெண் வாங்குபவனும் கேட்க வேண்டும். அடிப்படைப் பாடத்தில் 'சி' வாங்கினால் தேறிவிட்டோம் என்று நகரக் கூடாது, மறுபடி படிக்க வேண்டும். சீக்கிரமே உண்மையான ஆய்வுக்கூடத்துக்குள், உண்மையான ஆய்வாளரின் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். ஆய்வாளரை ஆய்வாளர்தான் உருவாக்க முடியும் என்பது ஹ்ரபோவ்ஸ்கி ஓயாமல் சொல்லும் பேச்சு. இங்கே தரம் எங்கே தாழ்ந்தது, சொல்லுங்கள். துளையை யாரும் பெரிதாக்கவில்லை.

அமெரிக்க அறிவியல் வகுப்புகளில் முதல் நாள் ஒரு பழைய மிரட்டல் உண்டு. 'இடப்பக்கம் பார், வலப்பக்கம் பார், உங்களில் ஒருவர்தான் தேறுவீர்கள்.' ஹ்ரபோவ்ஸ்கி அதைத் திருப்பிப் போட்டார். மூவரும் தேறுவதே எங்கள் வேலை, நீங்கள் தோற்றால் நாங்கள் தோற்றோம் என்றார். தலைவரின் பங்கு என்ன என்று கேட்டீர்களே, இதுதான். ஒரு மாணவன் தோற்றால் அது யார் கணக்கில் ஏறும் என்பதை ஒரு வேதியியல் ஆசிரியர் தனியாக மாற்றிவிட முடியாது. அவர் மேல் இருப்பவர் மாற்ற வேண்டும். மாற்றினார். முதலாண்டு வேதியியலில் விரிவுரையை மட்டும் நம்பாமல், மாணவர்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பொறுப்பு எடுத்துக்கொண்டு கேள்விகளைத் தீர்க்கும் கூடம் ஒன்று அங்கே வந்தது. தேறுவோர் கூடினார்கள், வேதியியலையே முதன்மைப் பாடமாக எடுப்பவர்களும் கூடினார்கள்.

அந்த மிரட்டலை நானும் கேட்டிருக்கிறேன். ஊரும் கல்லூரியும் வேண்டாம். வேதியியல் வகுப்பின் முதல் மணி நேரத்தில் ஆசிரியர் உள்ளே வந்து, பாதிப் பேர் இங்கிருந்து ஓடிவிடுவீர்கள் என்றார். என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவன் எங்கள் கிராமத்துப் பக்கத்துப் பையன். கரைசலின் செறிவை மனக்கணக்காகவே சொல்லிவிடுவான், ஆங்கிலத்தில் எழுத வராது. இரண்டாம் ஆண்டில் அவன் இடம் காலியாக இருந்தது. எங்கே போனான் என்று ஆசிரியர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக எனக்கு அது உறுத்துகிறது.

சரி, கொண்டாட்டத்துக்கு வருகிறேன். மேயர்ஹாஃப் திட்டத்தில் படித்து 2008-இல் பட்டம் பெற்ற கிஸ்மேக்கியா கார்பெட், அமெரிக்க அரசு ஆய்வகத்தில் மாடர்னா கொரோனா தடுப்பூசிக்கு அடித்தளம் போட்ட குழுவின் முன்னணியில் இருந்தார். மருத்துவப் பட்டத்தையும் முனைவர் பட்டத்தையும் சேர்த்து முடிக்கும் கறுப்பின அமெரிக்கர்களை அதிகம் அனுப்பிய இளநிலைக் கல்வி நிறுவனம் இதுதான். பென்சில்வேனியாவிலும் வட கரோலைனாவிலும் பெரிய பல்கலைக்கழகங்கள் இதே முறையை 2013 முதல் தங்கள் வளாகங்களில் நட்டுப் பார்த்தன, வேர் பிடித்தது. ஆகவே இது ஒரு மனிதரின் வசீகரம் மட்டும் அல்ல.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். ஹ்ரபோவ்ஸ்கியின் பல்கலைக்கழகத்தில் சதுரங்கத்துக்கு உதவித்தொகை கொடுத்து ஆட்டக்காரர்களைச் சேர்த்தார்கள், மற்ற இடங்களில் கால்பந்துக்குக் கொடுப்பதைப் போல. அமெரிக்கக் கண்டத்துக் கல்லூரிகளின் சாம்பியன் பட்டத்தை அந்த அணி பலமுறை வென்றது. படிக்கிற பிள்ளைகளுக்குக் கைதட்ட ஒரு கூட்டம் வேண்டும் என்று நான் இங்கே தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன், அங்கே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். அதற்காக மற்ற விளையாட்டை விட்டுவிடவும் இல்லை. 2018 மார்ச்சில் இவர்களின் கூடைப்பந்து அணி, தேசியப் போட்டியில் முதல் தரவரிசையில் இருந்த வர்ஜீனியாவை 74–54 என்று தோற்கடித்தது. ஆண்கள் போட்டியில், ஒவ்வொரு பிரிவிலும் கடைசி இடமான 16-ஆம் தரவரிசை அணி முதலிடத்து அணியை வென்றது அதுவே முதல் தடவை. அந்த இரவை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு பொங்குகிறது.

அவர் விடைபெற்ற ஆண்டில் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் 1.5 பில்லியன் டாலர் ஒதுக்கி, இளம் அறிவியலாளர்கள் 150 பேர் வரை சொந்த ஆய்வுக்கூடம் நடத்துவதற்கான திட்டத்துக்கு ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கி என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரையும் பாருங்கள். ஹ்ரபோவ்ஸ்கி, முன்னோரை அடிமையாக வைத்திருந்த போலந்து வம்சாவளி முதலாளியின் குடும்பப் பெயர். ஃப்ரீமன், தாத்தாவின் பெயர். அந்தக் குடும்பத்தில் சுதந்திர மனிதனாகவே பிறந்த முதல் ஆள் என்பதால் வைத்த பெயர். இனி ஓர் இளம் உயிரியலாளர் தன் ஆய்வுக்கூடத்துக்கு முதல் நுண்ணோக்கியை வாங்கும்போது, அதற்கான பணம் அந்தத் தாத்தாவின் பெயரில் வரும்.