ஸ்மாக் செக்கில் கார் ஃபெயில் ஆனால்: எஞ்சின் கோடு பற்றிய கேள்வி பதில்

கலிஃபோர்னியாவில் ஸ்மாக் செக்கில், அதாவது வண்டியின் புகைச் சோதனையில், வண்டி தேறாமல் தவிப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. 2000 மாடல் முதல் வந்த பெட்ரோல் கார்களுக்கு இங்கே புகைக்குழாயில் கருவி வைத்து அளப்பதில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒயரைச் செருகி, காரின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்கிறார்கள். கூடவே கண்ணால் ஒரு சோதனையும் உண்டு. அதனால்தான் ஃபெயில் ஆன பலர் கையிலும் ஒரு கோடு, அதாவது கம்ப்யூட்டர் பதிவுசெய்த கோளாறு எண், இருக்கிறது.

கேள்வி (ஃப்ரீமான்ட்): என் 2009 செடான் 1,50,000 மைல் ஓடியிருக்கிறது. பி0420 என்று போட்டு ஃபெயில் பண்ணிவிட்டார்கள். கடையில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தமாக்கும் பாகம்) மாற்றியே ஆக வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரின் அளவு, கம்ப்யூட்டர் எதிர்பார்த்தபடி இல்லை என்பது மட்டும்தான் பி0420 சொல்லும் சேதி. எந்த பாகம் கெட்டது என்று அது சொல்லவில்லை. எந்தக் கோடும் சொல்லாது.

ஒரு சாதாரண ப்ளூடூத் ஓபிடி ரீடர் வாங்கி, போனில் இரண்டு சென்சார்களின் வரைபடத்தையும் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் நல்ல நிலையில் இருந்தால் பின் சென்சார் 0.6, 0.7 பக்கம் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அதுவும் முன்னதைப் போலவே ஆடினால்தான் கன்வெர்ட்டர் மேல் சந்தேகம் வர வேண்டும். பல கார்களில் முன்னால் இருப்பது ஏர்-ஃப்யூயல் சென்சார். அதில் இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது, பின் சென்சாரை மட்டும் கவனியுங்கள்.

அப்புறம் எக்ஸாஸ்ட் லீக், அதாவது புகைக்குழாயில் கசிவு. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பானட்டைத் திறந்து காது கொடுங்கள். எஞ்சினிலிருந்து புகைக்குழாய் தொடங்கும் மேனிஃபோல்ட் பக்கம் டிக் டிக் என்று சத்தம் வந்து, எஞ்சின் சூடானதும் அடங்கினால், கேஸ்கெட் ஓரத்தில் கரிப்புகைத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே போனால் சென்சார் தப்பான அளவைத்தான் காட்டும். அந்த கேஸ்கெட்டின் விலை கன்வெர்ட்டர் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

கன்வெர்ட்டர்தான் போய்விட்டது என்று உறுதியானாலும், ஏன் போனது என்று கேட்காமல் புதியதை மாட்டாதீர்கள். எஞ்சின் ஆயில் குடித்தாலோ மிஸ்ஃபயர் ஆனாலோ (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாவிட்டாலோ) புதியதும் சீக்கிரமே போய்விடும். கார் கம்பெனியின் சொந்தக் கன்வெர்ட்டர் இல்லையென்றால், கலிஃபோர்னியா காற்று வள வாரியம் உங்கள் மாடலுக்கு அனுமதி தந்த எண் அதில் பொறித்திருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆன்லைனில் வேறு மாநிலங்களுக்கான கன்வெர்ட்டரை வாங்கி மாட்டினால், கண்ணால் பார்க்கும் சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி (சான் ஹோசே): அண்ணா, பி0171 வந்தது. கலவை லீன் என்று சொல்லி ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினார்கள். ஒரே வாரத்தில் அதே கோடு. இந்தப் புது சென்சாரும் டூப்ளிகேட்டா?

பதில்: இல்லை தம்பி, பழைய சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அது சொன்னது. சேதி சொன்னதை மாற்றிவிட்டு, காற்று எங்கே நுழைகிறது என்று யாரும் தேடவில்லை.

ஃப்யூயல் டிரிம் என்ற அளவைப் பாருங்கள். ஷார்ட், லாங் இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ப்ளஸ் என்றால் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கிறது என்று அர்த்தம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது +22 காட்டி, 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் +5க்கு இறங்கினால் அது வேக்யூம் லீக், அதாவது ஏதோ ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று எஞ்சினுக்குள் நுழைகிறது. ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான், அதனால் ஓட்டை வழியாக வருவது பெரிய பங்காகத் தெரிகிறது. வேகம் கூடினால் அதே ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. இன்டேக் ரப்பர் ஹோஸின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள், விரிசல் உள்மடிப்பில்தான் ஒளிந்திருக்கும். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸையும் விடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் கடையில் ஸ்மோக் டெஸ்ட் (உள்ளே புகை செலுத்தி, எங்கே கசிகிறது என்று பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறாக, ஐடிலில் ஒழுங்காக இருந்து ஃப்ரீவேயில் டிரிம் ஏறினால், அழுக்கான எம்ஏஎஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) அல்லது தளர்ந்த ஃப்யூயல் பம்ப். எம்ஏஎஃப்புக்கென்றே ஸ்ப்ரே கிளீனர் விற்கிறது. முதலில் அதை முயன்று பாருங்கள்.

கேள்வி (சாக்ரமென்டோ): முந்தைய நாள் ராத்திரி கோடை அழித்துவிட்டுப் போனேன். லைட் எரியவில்லை, ஆனாலும் ஃபெயில். எப்படி?

பதில்: கோடை அழிக்கும்போது, கம்ப்யூட்டர் செய்து முடித்த சுயசோதனைகளின் கணக்கும் சேர்ந்து அழிந்துவிடும். பேட்டரியைக் கழற்றினாலும் இதே கதைதான். 2000 மாடல் முதல் பெட்ரோல் கார்களில் ஈவாப் (பெட்ரோல் ஆவி கசியாமல் காக்கும் அமைப்பு) சோதனை ஒன்று மட்டும் முடியாமல் இருக்கலாம், மற்றதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். 2010 மாடல் முதல் பெர்மனென்ட் கோடு என்று இன்னொன்றும் உண்டு. எந்த ரீடராலும் அதை அழிக்க முடியாது. கோளாறு சரியாகி, அந்தச் சோதனை தேறிய பிறகு கம்ப்யூட்டரே நீக்கும். 2019 ஜூலையிலிருந்து ஸ்மாக் செக்கில் இதையும் பார்க்கிறார்கள். கோடை அழித்தபின் 15 முறை எஞ்சின் சூடாகி, 200 மைலும் ஓடியிருந்தால் மட்டும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பழுதைச் சரிசெய்துவிட்டு ஓட்டுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை எடுத்து, ஃப்ரீவேயில் 55, 60 மைல் வேகத்தில் கால் மணி நேரம் சீராகப் போய், பிரேக் மிதிக்காமல் தானாக வேகம் குறைய விட்டு, ஊருக்குள்ளும் கொஞ்சம் சுற்றுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி முறை மாறும். ரீடரில் ரெடினஸ் பக்கம் எல்லாம் முடிந்தது என்று காட்டிய பிறகு டெஸ்ட்டுக்குப் போனால் போதும்.

கோடை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படம் எடுத்து வையுங்கள். கோளாறு பதிவான நொடியில் என்ன வேகம், என்ன சூடு, டிரிம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

கேள்வி (இர்வைன்): பி0456. பெட்ரோல் மூடியை மாற்றினால் போதுமா?

பதில்: மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள். இது பெட்ரோல் ஆவி கசியும் அரை மில்லிமீட்டர் அளவு ஓட்டைக்கான கோடு, அதனால் அந்த ஆவியை எஞ்சினுக்குள் விடும் பர்ஜ் வால்வோ ஏதாவது ஹோஸோகூட காரணமாக இருக்கலாம். பம்ப்பில் கிளிக் என்றதும் நிறுத்திவிடுங்கள், மேலும் மேலும் நிரப்பினால் ஆவியைப் பிடித்து வைக்கும் சார்கோல் கேனிஸ்டருக்குள் பெட்ரோல் போய்விடும்.

கேள்வி (டப்ளின்): பி0128 வெறும் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) கோடுதானே? புகைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: எஞ்சின் போதிய சூட்டுக்கு வராவிட்டால் பெட்ரோல் கூடுதலாகப் போகும், கன்வெர்ட்டரின் சுயசோதனையும் ஓடாமல் நிற்கும். தெர்மோஸ்டாட்டை மாற்றிவிடுங்கள்.

கேள்வி (சான் டியாகோ): சார், மேடு ஏறும்போது லைட் மின்னி மின்னி எரிகிறது. கோடு பி0302. டெஸ்ட்டுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, அதுவரை ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீர்கள். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். மின்னினால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடேற்றிக் கெடுக்கிறது என்று எச்சரிக்கை. இரண்டாவது சிலிண்டரின் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருவது) மூன்றாவதில் மாற்றி மாட்டிப் பாருங்கள். கோடு பி0303 ஆனால் காயில்தான். மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

கேள்வி (சன்னிவேல்): பழைய 2014 ஹைப்ரிட் வாங்கினேன். வாரண்டி ஏதாவது மிச்சம் இருக்குமா?

பதில்: வாரண்டி புத்தகத்தில் பிஸெவ் (PZEV, மிகக் குறைந்த புகை விடும் கார் வகை) என்று இருக்கிறதா பாருங்கள். அப்படிப்பட்ட கார்களுக்குக் கலிஃபோர்னியாவில் புகைக்கட்டுப்பாட்டு பாகங்களுக்கு 15 வருடம் அல்லது 1,50,000 மைல், எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி உண்டு. கை மாறினாலும் செல்லும். கையிலிருந்து செலவு செய்யும் முன் டீலரிடம் வண்டி எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். ஸ்மாக் முடியாவிட்டாலும் டிஎம்வி (வாகனப் பதிவுத் துறை) கட்டணத்தைக் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள், அபராதம் மிச்சம்.