உயரமும் எடையும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் இடைநிலைப் பள்ளியில் படிவம் 4இல் படிக்கிறாள். கணிதச் செயல்திட்டத்துக்காகப் படிவம் 1 முதல் 5 வரையிலான மாணவர்களின் உயரத்தையும் எடையையும் திரட்டி வரைபடமாக்கினாள். புள்ளிகள் ஒரு கோட்டை ஒட்டி மேலேறுகின்றன. அவளுடைய புள்ளி மட்டும் வெகு கீழே கிடக்கிறது. தான் அளவுக்கு மீறி மெலிந்திருப்பதாகக் கவலைப்படுகிறாள். ஒருவருடைய எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்று அந்தக் கோடு சொல்லுமா? மிகவும் விலகி நிற்கும் புள்ளிகளை நீக்கிவிடலாமா?

தி.ம., ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள தி.ம.,

சொல்லாது. குறிப்பிட்ட உயரமுள்ள பிள்ளைகளின் எடை அந்தப் பள்ளியில் சராசரியாக எவ்வளவு இருந்தது என்பதையே அந்தக் கோடு காட்டுகிறது.

புள்ளிகள் அவ்வளவு ஒழுங்காக மேலேறியதில் வயதுக்குப் பெரும் பங்கு இருக்கும் என்று கருதுகிறேன். 13 வயதினரையும் 17 வயதினரையும் ஒரே படத்தில் இடும்போது, மூத்தவர்கள் பொதுவாக உயரம், எடை இரண்டிலும் கூடியவர்களாக இருப்பதால், ஒட்டுறவுக் கெழுவின் (இரண்டு அளவுகள் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் எண்ணின்) ஒரு பகுதி அவர்களுடைய வளர்ச்சியைத்தான் அளக்கிறது. ஒரே படிவத்தை மட்டும் எடுத்தால் கெழு பெரும்பாலும் குறையும். மாணவர், மாணவியரையும் பிரித்தே கணக்கிட வேண்டும். உயர வளர்ச்சியின் வேகம் பெண்களுக்கு ஏறத்தாழ 12 வயதிலும் ஆண்களுக்கு 14 வயதிலும் உச்சத்தை அடைகிறது. ஆகவே படிவம் 1 வகுப்பில், அந்த உச்சத்தைக் கடந்துவிட்ட மாணவியரும் அதை இன்னும் எட்டாத மாணவர்களும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். உங்கள் மகள் இந்தப் பிரிவுகளுக்குத் தனித்தனி நிறம் கொடுத்து மீண்டும் வரைந்து பார்க்கட்டும். அவளுடைய ஆய்வின் சிறந்த பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

கெழு 0.7 என்றே வைத்துக்கொண்டாலும் அதன் வர்க்கம் 0.49. எடையில் காணும் மாறுபாட்டில் பாதியளவே உயரத்தோடு சேர்ந்து செல்கிறது. எலும்பமைப்பு, தசை, உணவு, பூப்பெய்திய காலம் ஆகியவை மீதியில் கலந்திருக்கின்றன. நேர்கோடும் இயற்கையின் விதி அன்று. பெல்ஜிய அறிஞர் அடோல்ஃப் கெட்லே 1835இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்தவர்களின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்தை, அதாவது 2ஆம் அடுக்கை, ஒட்டி மாறுகிறது என்றும், வளரும் பருவத்தினரிடம் அந்த அடுக்கு 2.5 அளவில் இருக்கிறது என்றும் கண்டார். உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட, 5 முதல் 19 வயது வரைக்கான உடல் நிறைக் குறியீட்டெண் (எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்) அட்டவணை வயதுவாரியாகவும் பால்வாரியாகவும் பிரிக்கப்பட்டிருப்பது இந்த வேறுபாடுகளால்தான். மகளின் மெலிவைப் பற்றிய ஐயத்தை அந்த அட்டவணையோடு ஒரு மருத்துவரிடம் கேளுங்கள். வகுப்புத் தோழர்களின் கோட்டை வைத்து அவள் தன்னை எடைபோட வேண்டாம்.

விலகி நிற்கும் புள்ளிகளை நீக்கக் கூடாது. காலணி கழற்றாமல் அளந்தார்களா, எண் மாறிப் பதிவானதா என்று முதலில் சரிபார்க்க வேண்டும். பிழை இருந்தால் திருத்தலாம். இல்லையென்றால் அந்த மாணவரும் பள்ளியைச் சேர்ந்தவர்தான். அவரைச் சேர்த்து ஒரு முறையும் விடுத்து ஒரு முறையும் கணக்கிட்டு, இரண்டு விடைகளையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். பட்டியலில் பெயர்களுக்குப் பதிலாக எண்களே இருக்கட்டும். அந்த வயதில் தம் எடை பிறர் கண்ணில் படுவதைப் பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள்.