மகன் கோச் ஆகப் போகிறேன் என்கிறான், சம்மதிக்கலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகன் ஒஹையோவில் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பொருளாதாரம் படிக்கிறான். கல்லூரி பாஸ்கெட்பால் அணியில் ஆடுகிறான், டிவிஷன் 3, அதாவது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவு. டிகிரி முடித்துவிட்டு என்பிஏவில் (அமெரிக்கத் தொழில்முறை பாஸ்கெட்பால் லீக்) அசிஸ்டென்ட் கோச் ஆகப் போகிறானாம். இதெல்லாம் ஒரு வேலையா சார்?

வேலைதான் சார். ஆனால் நீங்கள் பயப்படுகிற வேலையும் அல்ல, அநேகமாக உங்கள் மகன் கனவு காண்கிற வேலையும் அல்ல.

டிவியில் தெரிவது, தலைமைக் கோச்சின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும் முன்வரிசைக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொரு வரிசை உண்டு. டிவியில் தெரியாத வீடியோ ரூமும் உண்டு. கல்லூரியோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டவர்கள் பலர் நுழைவது அந்த ரூம் வழியாகத்தான். அடுத்து மோதப் போகும் அணியின் கடைசி நாலைந்து ஆட்டங்களை உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர்களுடைய பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர்) இடது கைப் பக்கம் தள்ளப்பட்டால் என்ன செய்கிறான், டைம் அவுட் முடிந்ததும் பந்து யாரிடம் போகிறது என்று துண்டு துண்டாக வெட்டி, காலையில் வீரர்கள் வருவதற்குள் சில நிமிட வீடியோவாகத் தயாராக வைக்க வேண்டும். அப்புறம் தரையில் இறங்கி, பயிற்சி எடுக்கும் வீரருக்குப் பந்து பொறுக்கிப் போட வேண்டும். சீசனுக்கு 82 ஆட்டம், பாதி வெளியூரில்.

எரிக் ஸ்போல்ஸ்ட்ரா போர்ட்லாண்ட் பல்கலைக்கழக அணியில் பாயிண்ட் கார்டாக ஆடியவர். பிறகு ஜெர்மனியில் கொஞ்ச காலம். 1995இல் மயாமி ஹீட் என்ற என்பிஏ அணியின் வீடியோ ரூமில் சேர்ந்தார். 2008இல் அதே அணிக்குத் தலைமைக் கோச். 2012, 2013 இரண்டு வருடமும் சாம்பியன். இந்தக் கதையைச் சொன்னால் பெற்றோர் காதில் கடைசி வரி மட்டும்தான் விழுகிறது. நான் சொல்ல வருவது நடுவில் இருக்கிற 13 வருடத்தை.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான ஆள் பிராட் ஸ்டீவன்ஸ். அவரும் டிவிஷன் 3தான், டிபாவ் பல்கலைக்கழகம், படித்ததும் பொருளாதாரம். எலி லில்லி மருந்துக் கம்பெனியில் நல்ல வேலை. 2000இல் அதை விட்டுவிட்டு பட்லர் பல்கலைக்கழக அணியில் சம்பளமில்லாத உதவியாளராகப் போனார். அவர் வீட்டில் அன்று என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். அசிஸ்டென்டாக இருந்து 2007இல் தலைமைக் கோச் ஆனார். 2010, 2011 இரண்டு வருடமும் பட்லர் தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. 2013இல் பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற என்பிஏ அணி தலைமைக் கோச்சாகக் கூப்பிட்டது. சரி, அவரைப் போல மருந்துக் கம்பெனியை விட்டுவிட்டுப் போனவர்கள் எல்லோரையும் செல்டிக்ஸ் கூப்பிடவில்லை என்பதும் உண்மை.

ஆரம்பச் சம்பளம் குறைவு என்பது பெரிய ஆபத்து அல்ல. தலைமைக் கோச்சை நீக்கினால் அவர் கூட்டி வந்தவர்களும் பெரும்பாலும் பெட்டி கட்ட வேண்டியதுதான், அதுதான் ஆபத்து. என்பிஏவில் இருப்பது 30 அணிகள். முப்பது வயதுக்குள் நாலு ஊர் மாறுவது இந்தத் தொழிலில் சாதாரணம். வரப்போகிற மருமகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் டிகிரியைப் பாதியில் விடக் கூடாது, இதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். முடித்ததும் ஏதாவது கல்லூரி அணியில் கிராஜுவேட் அசிஸ்டென்ட் (மேற்படிப்பு படித்துக்கொண்டே கோச்சுக்கு உதவுகிறவர்) இடத்துக்கு முயலட்டும். பல இடங்களில் மாஸ்டர்ஸ் படிப்புச் செலவை அவர்களே ஏற்கிறார்கள், கையில் கொஞ்சம் பணமும் தருகிறார்கள். 26 வயது வரை அவன் உங்கள் மருத்துவக் காப்பீட்டிலேயே இருக்கலாம். ஆக, நீங்கள் கொடுக்க வேண்டியது மூன்று நான்கு வருட அவகாசம்.

கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். அடுத்த முறை அவன் அணி தோற்றால், மறுநாள் அந்த ஆட்டத்தின் வீடியோவை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். தான் போட்ட, தவறவிட்ட ஷாட்களை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினால் அவன் இன்னும் ஆட்டக்காரன்தான். வீடியோவை நிறுத்தி, பந்தே இல்லாத மூலையில் நிற்கும் எதிரணி ஆளைக் காட்டி, "இவனை யாருமே பார்க்கலப்பா" என்றால், ஜூலையில் லாஸ் வேகஸ் சம்மர் லீகுக்கு (என்பிஏ அணிகள் இளம் வீரர்களை ஆடவிட்டுப் பார்க்கும் போட்டி) டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். என்பிஏ அணிகளின் ஆட்கள் எல்லாம் அங்கே வருவார்கள்; வேலை தேடுகிற இளம் கோச்சுகளும்தான்.