வர மறுப்பவரைக் கட்டாயப்படுத்தி மனநல மருத்துவமனையில் சேர்க்க முடியுமா?

தம்பிக்கு மனநோய், மாத்திரையும் வேண்டாம் டாக்டரும் வேண்டாம் என்கிறான், சட்டப்படி சேர்க்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. ஆனால் ‘வர மறுக்கிறான்’ என்பது மட்டும் போதாது. என் அண்ணன் விஷயத்தில் பட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டேன்.

வேலையை விட்டுவிட்டான், ராத்திரியெல்லாம் மொட்டைமாடியில் நடக்கிறான், பெரியப்பாவை வாய்க்கு வந்தபடி திட்டினான் என்று டாக்டரிடம் கொட்டித் தீர்த்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சாப்பிடுகிறாரா?” என்றார். அம்மா கைப்பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்தார். பால் கணக்கு எழுதும் அதே தாள். சமையலில் ஏதோ கலக்கிறோம் என்று சந்தேகப்பட்டு, பல நாள் அண்ணன் தோல் உரிக்காத வாழைப்பழத்தை மட்டும்தான் தொடுவான். அந்த நாட்களில் அம்மா ‘வா’ என்று குறித்திருந்தார். எதுவுமே சாப்பிடாத நாளுக்குச் சுழி. பதினேழு நாளில் பதினொரு ‘வா’, மூன்று சுழி. டாக்டர் அந்தத் தாளைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் இதுதான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, நோயின் பெயரைவிட அண்மையில் நடந்ததைத்தான் பார்க்கிறது. தன்னையே காயப்படுத்திக்கொள்ள முயன்றாரா, அப்படி மிரட்டினாரா? பிறரை அடித்தாரா, அடித்துவிடுவார் என்று பயப்படும்படி நடந்தாரா? தனக்கே ஆபத்து வரும் அளவுக்குத் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் இருக்கிறாரா? இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். எங்களுக்குப் பொருந்தியது மூன்றாவது. சிகிச்சை பற்றித் தானே முடிவெடுக்கும் நிலையில் அவர் இல்லை, வீட்டிலோ புறநோயாளியாகவோ பார்த்துச் சமாளிக்க முடியாது என்பதும் உறுதியாக வேண்டும். பெரியப்பாவைத் திட்டியது கணக்கிலேயே வராது. (பெரியப்பாவுக்கு அதில் இன்றுவரை வருத்தம்.)

ஒரு டாக்டர் சொன்னாலும் போதாது. ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ, தனித்தனியாகப் பார்த்து ஒரே முடிவுக்கு வர வேண்டும். சேர்க்கும் நாளில், அல்லது அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள். மனு கொடுக்க வேண்டியவர் நோயாளியின் ‘நியமனப் பிரதிநிதி’, அதாவது தன் சார்பில் பேச நோயாளியே எழுதிக்கொடுத்த ஆள். நோயாளி யாரையும் நியமிக்கவில்லை என்றால் உறவினர். எங்கள் வீட்டில் அம்மா கையெழுத்துப் போட்டார்.

இப்படிச் சேர்த்தால் அதிகபட்சம் 30 நாள். மருத்துவமனை 7 நாளுக்குள், பெண்ணோ சிறாரோ என்றால் 3 நாளுக்குள், இப்படிச் சேர்ப்பதைக் கண்காணிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் தம்பியே வாரியத்திடம் முறையிடலாம், அது அவருடைய உரிமை. 30 நாளைத் தாண்ட வேண்டுமென்றால் இரண்டு மனநல மருத்துவர்கள் பார்க்க வேண்டும், வாரியமும் அனுமதிக்க வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்களுக்கு முதலில் ஒரு தனியார் இல்லத்திலிருந்து, “கையெழுத்து மட்டும் போடுங்கள், ஆள் அனுப்பித் தூக்கிக்கொள்கிறோம், ஆறு மாதம் கவலையில்லை” என்றார்கள். அன்றைக்கு இருந்த அலுப்பில் நானும் சரி என்று சொல்லியிருப்பேன். அம்மாதான், “கட்டிப் போடுவீர்களா?” என்று கேட்டார். எதிர்முனையில் பதிலே இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் காப்பகத்தில் சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் செத்தது அம்மாவுக்கு மறக்கவே இல்லை. இப்போதைய சட்டத்தில் சங்கிலியால் பிணைப்பதற்கு எந்த வடிவிலும் இடமில்லை.

உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் இதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள். பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம். பேசிப் பார்க்க 14416 எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி இருக்கிறது. அப்புறம், இன்றே தேதி போட்டு எழுதத் தொடங்குங்கள்: என்ன சாப்பிட்டான், என்ன சொன்னான், எப்போது தூங்கினான்.

அண்ணனை ஆட்டோவில் ஏற்றியது அவன் பள்ளித் தோழன். ஒன்றரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து பேசினான், கையைக்கூடப் பிடிக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் அண்ணன் வீடு திரும்பினான். தேறிய பிறகு, அடுத்த தடவை வந்தால் யார் பிரதிநிதி என்று அவனே எழுதிக்கொடுத்தான். அதற்கு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். என் பெயரைத்தான் எழுதுவான் என்று நினைத்திருந்தேன். அந்தத் தோழன் பெயரை எழுதியிருந்தான்.